ஹோம் ஃபென் இரும்புத் தூணின் உச்சி எதைக் காட்டுகிறது?

தொடக்கப் பதிவு (வாசகர் ஒருவர்), அக்டோபர் 7

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயரின் ஹோம் என்ற சிற்றூருக்கு அருகே, பிர்ச் மரக் காட்டுக்குள் ஓர் இரும்புத் தூண் தனியாக நிற்கிறதாம். முன்பு அங்கிருந்த விட்டில்ஸி மியர் என்ற ஏரியின் நீர் அந்தத் தூணின் உச்சி வரை நின்றதாகவும், 1851ஆம் ஆண்டில் ஏரியை வடித்த பின் வெளிப்பட்ட அடித்தரைதான் இன்றைய நிலம் என்றும் ஓரிடத்தில் படித்தேன். நான்கு மீட்டர் ஆழமான ஏரியை ஒரே ஆண்டில் வடிக்க முடியுமா? பீட்டர்பரோ பக்கம் வசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அக்டோபர் 7, இரவு

தூண் ஏரிக்குள் நடப்பட்டதே அன்று. ஏரியின் தென்மேற்கு ஓரத்துக்கு வெளியே, அன்றைக்கே மனிதர்கள் நடமாடிய நிலத்தில் அது நிற்கிறது. அதன் உச்சி, நட்ட காலத்தில் தரைமட்டத்தோடு சமமாக இருந்தது. இன்று உச்சி தரைக்கு ஏறத்தாழ 4 மீட்டர் மேலே இருக்கிறதென்றால், இடைப்பட்ட காலத்தில் தரை அந்த அளவுக்குக் கீழே போய்விட்டது என்று பொருள். நீர்மட்டத்துக்கும் அந்த உச்சிக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஏரியோ மிகவும் ஆழம் குறைந்தது. கோடையில் சுமார் 1,600 ஏக்கர் பரப்பில் கிடந்து, குளிர்கால வெள்ளத்தில் 3,000 ஏக்கர் வரை விரியும். தாழ்நில இங்கிலாந்திலேயே பெரிய ஏரி என்று பெயர் பெற்றிருந்தாலும், பல இடங்களில் ஒருவர் அதில் இறங்கி நின்றால் தலை வெளியே தெரிந்திருக்கும்.

அக்டோபர் 8

“தரை எப்படி நான்கு மீட்டர் இறங்கும், யாராவது மண்ணை வெட்டி எடுத்தார்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்புக்கு எரிபொருளாகக் கொஞ்சம் வெட்டி எடுத்தது உண்மைதான். ஆனால் தூணருகே நடந்தது அதுவன்று.

அந்த மண்ணின் பெயர் பீட். நாணலும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்குள் விழுந்து, காற்றுப் படாததால் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிய மண் அது. அதன் பருமனில் பெரும்பகுதி தண்ணீர்தான். வடிகால் வெட்டி நீர்மட்டத்தைத் தாழ்த்தியதும் முதலில் தண்ணீர் வெளியேறுவதாலும் மேலடுக்கின் எடை கீழடுக்கை அழுத்துவதாலும் நிலம் வேகமாக இறங்குகிறது. காய்ந்த வற்றலைப் போலச் சுருங்கியும் போகிறது. வற்றலை மீண்டும் நனைத்தால் ஓரளவு உப்பும், பீட் மண் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. இரண்டாவது கட்டம் மெதுவானது, ஆனால் முடிவில்லாதது: காற்றுப் பட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்க, மண்ணே கரியமில வாயுவாக மாறி வெளியேறிவிடுகிறது. இவற்றோடு, உழுது காய்ந்த பொடிமண்ணை வசந்தகாலக் காற்று வாரிக்கொண்டு போவதும் உண்டு.

தூணை நட்ட இடத்தில் பீட் அடுக்கு சுமார் 22 அடி தடிமன் இருந்தது. அதைத் துளைத்துக் கீழேயுள்ள களிமண்ணில் அடித்தாங்கலை ஊன்றியதால்தான், சுற்றியுள்ள நிலம் இறங்கியபோதும் தூண் இறங்கவில்லை.

அக்டோபர் 8, மாலை

ஒரு சின்னக் கணக்கையும் சேர்த்துவிடுகிறேன். ஃபென் என்றால் தாழ்வான சதுப்பு நிலம். ஹோம் ஃபென்னின் மிகத் தாழ்ந்த இடம் கடல்மட்டத்துக்கு 2.75 மீட்டர் கீழே இருக்கிறது. பிரிட்டனிலேயே தாழ்ந்த நிலம் அதுதான். தூணின் உயரம் ஏறத்தாழ 4 மீட்டர். எனவே உச்சி இன்றும் கடல்மட்டத்துக்கு மேலேதான் நிற்கிறது. அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த நிலம் கடல்மட்டத்துக்கு மேலேயே இருந்தது. கடல் இதை விழுங்கியதாகவோ, கடலிடமிருந்து இதை மீட்டதாகவோ எழுதுகிறவர்கள் ஃபென் பகுதியின் வடக்கே உள்ள வண்டல் நிலத்தின் கதையை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

அக்டோபர் 11

கிரிஸ்டல் பேலஸ் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். இந்தத் தூண் லண்டனில் 1851ஆம் ஆண்டு நடந்த மாபெரும் கண்காட்சியின் கண்ணாடி மாளிகையிலிருந்து வந்தது என்பது எல்லா வழிகாட்டிக் குறிப்புகளிலும் காணப்படும் செய்தி. அது உண்மையாக இருக்க வேண்டுமென்று விரும்பாதவர் யாரும் இல்லை, நானும் விரும்புகிறேன். ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது.

கண்காட்சி 1851 மே 1ஆம் நாள் திறந்து அக்டோபர் நடுவில் முடிந்தது. கட்டடத்தைப் பிரித்து சிடனம் குன்றுக்குக் கொண்டுபோகும் வேலை 1852இல்தான் நடந்தது. அங்கே மறுபடி திறந்தது 1854. ஹோமில் முதலில் நட்டது மரக்கம்பம். அதற்கு 1848 என்று ஆண்டு சொல்கிறார்கள். அதை எடுத்துவிட்டு இரும்புத் தூணை வைத்ததற்குச் சிலர் 1851 என்றும் சிலர் 1852 என்றும் எழுதுகிறார்கள். 1851 என்றால், ஹைட் பார்க்கில் கட்டடம் முழுதாக நின்றுகொண்டிருக்கும்போதே அதன் தூண் ஒன்று ஹோமுக்கு நடந்து வந்திருக்க வேண்டும். 1852 என்றால் கதைக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது. மூன்றாவது வழியும் உண்டு: அந்த மாளிகையின் தூண்கள் எல்லாம் ஒரே வெளிவிட்டத்தில், உட்குழிவாக, அச்சு மாறாமல் வார்க்கப்பட்டவை, தாங்க வேண்டிய எடைக்கேற்ப உள்சுவரின் தடிமன் மட்டும் மாறும். அப்படி மொத்தமாக வார்க்கும்போது மிஞ்சிய ஒன்றோ, அதே அச்சில் தனியாக வார்த்த ஒன்றோ விலைக்குக் கிடைத்திருக்கலாம்.

கண்காட்சிக்கும் ஹோமுக்கும் சந்தேகமில்லாத தொடர்பு ஒன்று இருக்கும்போது, சந்தேகமான தொடர்பை எல்லாரும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஜான் ஜார்ஜ் அப்போல்ட் என்பவர் வடிவமைத்த மையவிலக்கு இறைப்பொறி அந்தக் கண்காட்சியில்தான் பரிசு பெற்றது. நேரான தகடுகளுக்குப் பதிலாக வளைந்த தகடுகள் பொருத்திய அந்தப் பொறி, பழைய வகைப் பொறிகளைவிடப் பன்மடங்கு திறனோடு தண்ணீரை ஏற்றிக் காட்டியது. அதே ஆண்டில் விட்டில்ஸி மியரின் கரையில் நிறுவி, நீராவியால் ஓட்டி, ஏரியில் தானாக வடியாமல் தங்கிய நீரை இறைத்தவர்கள் பயன்படுத்தியது அவருடைய பொறியைத்தான். பொறியைப் பற்றிய செய்தி ஊர்ப்பேச்சில் மெல்லத் தூணுக்கு இடம் மாறிவிட்டது என்பது என் ஊகம்.

அக்டோபர் 12

“அப்படியானால் அந்தத் தூண் வெறும் மழைநீர்க் குழாயா?” என்று கேட்ட நண்பருக்கு: கண்ணாடி மாளிகையின் தூண்கள் கூரையிலிருந்து மழைநீரைக் கீழே இறக்கும் குழாய்களாகவும் பயன்பட்டது உண்மைதான். ஆகவே உங்கள் கிண்டல் பாதி சரி. நீரை வெளியேற்றிய ஊருக்கு நீர்க்குழாயை நினைவுச்சின்னமாக வைத்தார்கள் என்று நான் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்லியிருப்பீர்கள்.

அக்டோபர் 14

தூணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஊரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஹோம் பழங்காலத்திலிருந்து தனிப் பங்காக (பாரிஷ், அதாவது ஓர் ஆலயத்தின் ஆட்சி எல்லை) இருந்த ஊர் அன்று. அருகிலிருக்கும் கிளாட்டன் பங்கின் கீழ் ஒரு சிற்றாலயம் உள்ள கிராமமாகவே பல நூற்றாண்டுகள் இருந்தது. தனிப் பங்காக உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். இன்று நாம் பார்க்கும் செயின்ட் கைல்ஸ் ஆலயம் 1862ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அந்த ஆலயத்தைச் சுற்றி நடந்தபோது எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஃபென் பகுதியில் நூற்றாண்டுகளைச் சுமந்து நிற்கும் பேராலயங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மிகப் புதியதாகத் தெரிந்தது. பிறகு தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்: ரயில் 1850, ஏரி வடிந்தது 1851, ஆலயம் 1862. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் இந்த ஊர் முற்றிலும் வேறொரு ஊராகிவிட்டது. அந்தப் புதிய ஊருக்குப் புதிய ஆலயம் பொருத்தமானதுதான்.

அதற்கு முந்தைய ஊர் ஏரியை நம்பிப் பிழைத்தது. ஏரியின் மதிப்பு எவ்வளவு பழையது என்பதற்கு 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கெடுப்பே சான்று. ராம்சே மடாதிபதிக்கு ஒரு படகு, பீட்டர்பரோ மடாதிபதிக்கு ஒரு படகு, தோர்னி மடாதிபதிக்கு இரண்டு படகுகள் என்று, விட்டில்ஸி மியரில் யாருக்கு எத்தனை படகுக்கு உரிமை என்பதை அது பதிவு செய்திருக்கிறது. மூன்று பெரிய மடங்கள் படகுக் கணக்கில் பங்கு போட்டுக்கொண்ட தண்ணீர் அது. கூரை வேய நாணல், சந்தைக்கு மீனும் விலாங்கும், குளிர்காலத்தில் காட்டு வாத்து, அடுப்புக்குப் பீட் கட்டி என்று ஏரியும் அதைச் சுற்றிய சதுப்பும் ஏழைகளுக்குப் பல கைத்தொழில்களைக் கொடுத்தன. கோடையில் படகுப் போட்டியும், உறைந்த குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பந்தயமும் நடக்கும்; சுற்றுவட்டாரமே திரண்டு வரும்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரையில் இங்கிலாந்து முழுவதும் சுற்றிய சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி இந்த ஏரியைப் பார்த்துவிட்டு, மூன்று மைல் அகலமும் ஆறு மைல் நீளமும் உடையது என்று எழுதினார். அளவு மிகைதான். ஆனால் திடீரென எழும் காற்று படகுகளுக்கு ஆபத்து என்று அவர் எழுதியதை மிகை என்று தள்ளமாட்டேன். ஆழமற்ற அகன்ற நீரில் காற்று அலைகளைச் செங்குத்தாக எழுப்பும், படகைத் திருப்ப நேரம் தராது.

அக்டோபர் 15

ஏரி வடிந்த நாட்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1851 கோடையில் கரையை வெட்டிவிட்டதும் நீர் முதலில் தானாகவே ஓடியது. நீர் குறையக் குறைய மீன்கள் எஞ்சிய குட்டைகளில் நெருங்கின. அதைக் கேள்விப்பட்டு மைல்கணக்கான தூரத்திலிருந்து கூடைகளோடும் வண்டிகளோடும் மக்கள் வந்தார்கள். சேற்றில் புதைந்துவிடாமலிருக்கப் பாதங்களில் பலகைகளைக் கட்டிக்கொண்டு இறங்கி மீனை அள்ளினார்கள். தங்கள் பிழைப்பின் கடைசி அறுவடை அது என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் கரையில் நின்றவர்கள்.

சிறிது காலத்திலேயே பெருவெள்ளத்தில் கரை உடைந்து ஏரி மறுபடி நிறைந்ததும் நடந்தது. அப்போல்ட் பொறிதான் இரண்டாம் முறையும் அதைக் காலி செய்தது. இயற்கை தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது என்று இதற்கு ஒரு பாட்டுப் பாடலாம், நான் பாடப்போவதில்லை. உடைந்தது புதிதாகப் போட்ட, இன்னும் இறுகாத கரை.

அக்டோபர் 19

வடிந்த சேற்றிலிருந்து கிடைத்தவற்றில் விலைமதிப்பற்றவை ஒரு தூபக்கலசமும் சாம்பிராணி வைக்கும் படகு வடிவக் கிண்ணமும். இரண்டும் 14ஆம் நூற்றாண்டின் வெள்ளி வேலை, பொன்முலாம் பூசியவை. கிண்ணத்தின் முனைகளில் அலைகளிலிருந்து செம்மறிக்கிடாத் தலைகள் எழுகின்றன. அது ராம்சே மடத்தின் பெயரைக் குறிப்பால் உணர்த்தும் உருவம் (ஆங்கிலத்தில் செம்மறிக்கிடா ‘ராம்’) என்பதால், பொருட்கள் அந்த மடத்துக்குரியவை என்று முடிவு செய்தார்கள். இப்போது அவை லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடைக்கால இங்கிலாந்தின் ஆலய வெள்ளிப் பொருட்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டதால், இவை தப்பியதே பெரிய செய்தி. அங்கே கண்ணாடிப் பேழைக்கு முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன். அலைகளின் வேலைப்பாடு அவ்வளவு நுட்பம்.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539இல் ராம்சே மடம் ஒப்படைக்கப்படுவதற்கு முன், துறவிகள் இவற்றை ஏரியில் மறைத்தார்கள் என்பதுதான் பலருக்கும் பிடித்த விளக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மீண்டும் எடுக்க நினைப்பவர் அடையாளம் வைக்க முடியாத திறந்த ஏரியில் வெள்ளியைப் போடமாட்டார். புயலில் கவிழ்ந்த படகே சரியான விளக்கம்.

அக்டோபர் 20

நேற்று நான் எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். இவற்றோடு செம்மறிக்கிடாத் தலை பொறித்த ஈயக்கலவைத் தட்டுகளும் சேர்ந்தே கிடைத்தன என்பதை ஒருவர் நினைவூட்டினார். தூபக்கலசமும் சாப்பாட்டுத் தட்டும் ஒரே மூட்டையில் போவது வழிபாட்டுக்கான பயணமாகத் தோன்றவில்லை. வீட்டைக் காலி செய்கிற அவசரமாகத் தோன்றுகிறது. ஆகவே மடத்திலிருந்து பொருட்களைக் கடத்திக்கொண்டு போன படகு கவிழ்ந்தது என்று இரண்டையும் இணைத்துச் சொல்லலாம். ஆனால் இரண்டு கட்சிகளையும் திருப்திப்படுத்தும் விளக்கம் எதுவாயினும் எனக்கு அதன்மேல் ஐயம் உண்டு.

கவிழ்ந்த படகுகள் இருந்தன என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. பார்னக் சுரங்கத்தில் வெட்டிய பெரிய கட்டடக் கற்கள் ஏரியின் அடியில் கிடைத்தன. மடங்களுக்குக் கல் ஏற்றிப்போன தெப்பம் மூழ்கியிருக்க வேண்டும். அந்தக் கற்களில் சில எஞ்சின் ஃபார்ம் என்ற பண்ணை அருகே இன்றும் கிடக்கின்றன. பண்ணையின் பெயரே இறைப்பொறி நின்ற இடத்தைச் சொல்லிவிடுகிறது.

அக்டோபர் 23

ரயிலைப் பற்றி. பீட்டர்பரோவிலிருந்து லண்டன் போகும்போது சில நிமிடங்களிலேயே இடப்பக்கத்தில் ஹோம் ஃபென் வருகிறது. கிரேட் நார்தர்ன் கம்பெனி 1850ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தப் பாதையைத் திறந்தபோது ஏரி இன்னும் வடியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஈர பீட் மண்ணில் எந்தக் கரையைக் கொட்டினாலும் அது உள்ளே போய்விடும். ஒப்பந்தக்காரர் தாமஸ் பிராஸியிடம் பொறுப்பேற்றிருந்த ஸ்டீபன் பாலார்ட், சுள்ளிக்கட்டுகளைப் பாய் போலப் பரப்பி, அதன்மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வோர் ஏற்றத்துக்கும் பிறகு நீர் பிதுங்கி வெளியேறக் காத்திருந்து, மறுபடி ஏற்றினார். நிலத்தோடு சண்டையிடாமல் அதற்குக் கால அவகாசம் கொடுத்ததுதான் அவருடைய திறமை.

ஹோமுக்கு ஒரு நிலையம் கிடைத்தது. 1863இல் அங்கிருந்து ராம்சேக்குக் கிளைப்பாதையும் பிரிந்தது. இரண்டு பயணிகள் சேவையும் போய்விட்டன. இப்போது அந்த ஊர் வழியாகப் போகும் பயணிகளில் எவரும் அங்கே இறங்க முடியாது.

அக்டோபர் 26

“இந்த வேலைக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?” என்பதுதான் இந்த இழையில் இதுவரை வந்த நல்ல கேள்வி.

ஏரியை வடிப்பதில் முன்னின்றவரும் தூணை நடச் செய்தவரும் ஹோம் எஸ்டேட்டின் உரிமையாளர் வில்லியம் வெல்ஸ். 1818இல் பிறந்து 1889இல் இறந்தார். பீட்டர்பரோவுக்கு லிபரல் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவருடைய முன்னோர் தேம்ஸ் நதிக்கரையின் கப்பல் கட்டுநர்கள். பிளாக்வால் கப்பல் துறையில் வெல்ஸ் குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பெருங்கப்பல்களைக் கட்டிய துறை அது. சென்னைக் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்ட கம்பெனிக் கப்பல்கள் அதுபோன்ற துறைகளில் உருவானவை. அவருக்குக் கென்ட்டில் சொத்து வைத்துவிட்டுப் போன பெரிய தாத்தா முறை உறவினர் ஒருவர், கம்பெனிக் கப்பலில் கேப்டனாகவே இருந்தவர். ஏரியை வடித்த செலவில் எத்தனை பவுன் இந்தக் கடல் வணிகத்திலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குடும்பத்தின் செல்வம் எங்கே தொடங்கியது என்பதில் மட்டும் மறைவு ஏதும் இல்லை.

பணம் மட்டும் போதுமா என்றால், போதாது. 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மிடில் லெவல் மெயின் டிரெயின் என்ற பெரிய வடிகால் வெட்டப்பட்டு 1848இல் முடிந்தது. அது ஊஸ் நதியின் கீழ்ப்பகுதியில், முன்பைவிடத் தாழ்ந்த இடத்தில் போய்ச் சேர்ந்ததால், ஹோம் வரையிலும் நீர்மட்டம் இறங்க வழி பிறந்தது. அது இல்லாவிட்டால் அப்போல்ட் பொறி இறைத்த நீர் போக இடமின்றித் திரும்பி வந்திருக்கும். மரக்கம்பத்தை 1848இலேயே நட்டது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 27

நேற்றைய பதிவுக்கு வந்த கோபமான பதில்களைப் படித்தேன். ஒரு பணக்காரர் ஏழைகளின் ஏரியை எடுத்துக்கொண்டார் என்பது ஒரு தரப்பு. பயனற்ற சதுப்பைக் கோதுமை வயலாக்கியவரை ஏன் பழிக்கிறீர்கள் என்பது மறுதரப்பு. முதல் தரப்போடுதான் என் மனம் நிற்கிறது. நாணல் அறுத்தவருக்கும் விலாங்கு பிடித்தவருக்கும் யாரும் ஏரியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கூலி வேலை கிடைத்தது என்பது ஈடாகாது.

ஆனாலும் வெல்ஸைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. நிலம் இறங்கும் என்று தெரிந்தே அந்த மனிதர் அளவுகோலை நட்டார். வடித்துச் சில ஆண்டுகளில், 1860இல், ராயல் வேளாண் சங்கத்தின் இதழில் ஏரியை வடித்த வரலாற்றை எழுதினார். அந்த ஆண்டுக்குள்ளேயே தூணின் உச்சி தரைக்கு மேல் 4 அடி 9 அங்குலம் வெளியே தெரிந்தது. பிறகு பக்கத்துக் குழிகளிலிருந்து களிமண்ணை இருப்புப்பாதையில் இழுத்து வந்து பீட் நிலத்தின் மேல் பரப்பி, அதற்கு எடையும் சத்தும் கூட்டினார். 1870இல் அதையும் விரிவாக எழுதினார். தன் செயலின் விளைவை எவரும் பின்னாளில் மறுக்க முடியாதபடி நிலத்திலேயே பதிவு செய்துவிட்டுப் போன நிலவுடைமையாளர் எனக்குத் தெரிந்து வேறு எவரும் இல்லை. அது அவரை நல்லவராக்கிவிடாது. ஆனால் அறியாமல் செய்தார் என்ற சலுகையையும் நாம் அவருக்குத் தர முடியாது. தெரிந்தே செய்தார், லாபத்துக்குள் அந்த இழப்பு அடங்கும் என்று கணக்கிட்டார்.

நவம்பர் 2

இன்று மீண்டும் போய்வந்தேன். தூணைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: தூணோடு திரும்பிவிடாமல் பக்கத்து வடிகாலின் கரைமேல் ஏறி நில்லுங்கள். இந்தப் பகுதியில் பல இடங்களில் ஒருபக்கம் வாய்க்கால் நீரும் மறுபக்கம் வயலும் தெரியும். நீர் மேலே, வயல் கீழே. வயலில் பெய்த மழையை முதலில் மேலே ஏற்றிவிட்டுத்தான் கடலுக்கு அனுப்ப வேண்டும். வடித்ததால் நிலம் இறங்கியது. இறங்கியதால் இன்னும் ஆழமாக இறைக்க வேண்டியதாயிற்று. ஆழமாக இறைத்ததால் மேலும் இறங்கியது. தானாக வடிந்த நீருக்கு 1934இல் செயின்ட் ஜெர்மன்ஸ் என்ற இடத்தில் இறைநிலையம் தேவைப்பட்டது. 2010இல் அதைவிடப் பெரிய ஒன்றை அங்கேயே கட்டினார்கள்.

சாலைகளும் இதையே சொல்கின்றன. அடியில் பீட் இறங்கிய அளவு இடத்துக்கு இடம் வேறுபடுவதால், சமவெளியில் நேர்கோடாகப் போகும் சாலை அலையலையாக ஏறி இறங்குகிறது. என் பழைய காரின் அடிப்பாகம் ஓரிடத்தில் தரையை முத்தமிட்டது. மலையே இல்லாத ஊரில் மலைப்பாதையின் அனுபவம் இலவசம்.

நவம்பர் 3

தூண் நிற்கும் இடம் ஏன் வயலாக இல்லாமல் காடாக இருக்கிறது என்று கேட்டவருக்கு: வெல்ஸின் முயற்சி அங்கே முழுதாகப் பலிக்கவில்லை. பயிர் கைவிடப்பட்ட இடங்களில் வெள்ளி பிர்ச் மரங்கள் தாமாக முளைத்துப் பரவின. தாழ்நில பிரிட்டனில் மிகப் பெரிய பிர்ச் காடு என்று இன்று சுட்டிக்காட்டப்படுவது, ஒரு வேளாண்மைத் தோல்வியின் விளைவு.

நவம்பர் 9

பட்டாம்பூச்சி பற்றிச் சுருக்கமாக. ‘லார்ஜ் காப்பர்’ எனப்படும் செம்பு நிறப் பட்டாம்பூச்சியின் ஆங்கில இனம் இந்த ஏரியைச் சுற்றிய சதுப்பில் வாழ்ந்தது. சேகரிப்பாளர்கள் காசு கொடுத்ததால் ஊரார் புழுக்களைப் பிடித்து விற்றார்கள். வடிகால் மீதியைச் செய்து முடித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது அடியோடு அழிந்தது. பக்கத்து உட்வால்டன் ஃபென்னை 1910இல் சார்ல்ஸ் ராத்ஸ்சைல்ட் வாங்கிக் காப்பிடமாக்கினார்; 1927இல் அங்கே டச்சு இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவும் நிலைக்கவில்லை. விற்ற ஏழைகளைக் குற்றம் சொல்லும் பதிவுகளுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

நவம்பர் 16

போர்க்காலத்தைப் பற்றி இரண்டு செய்திகள். வெல்ஸ் 1870களில் கட்டிய ஹோம்வுட் ஹால் மாளிகையை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். எடுத்துக்கொண்டது. ஜெர்மனி பிடித்திருந்த நாடுகளின் எதிர்ப்புப் படையினருக்கு விமானத்திலிருந்து இறக்க வேண்டிய பெட்டிகளை அங்கே நிரப்பிக் கட்டினார்கள்.

மற்றொன்று துயரமானது. 1940 நவம்பர் 22ஆம் நாள் விட்டரிங் தளத்திலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று ஹோம் ஃபென்னில் விழுந்தது. ஹரால்ட் பென்கெத் என்ற இருபது வயது விமானி அதில் இறந்தார். பீட் மண்ணின் மென்மையால் விமானம் ஆழப் புதைந்தது. காப்பிடத்தை மீண்டும் ஈரமாக்கும் திட்டத்தால் அந்த இடம் நீருக்குள் போகும் என்பதால், 2015 அக்டோபரில் தொல்லியலாளர்கள் அதை முறைப்படி தோண்டினார்கள். உலோகத்தோடு அவருடைய உடைமைகளும் கிடைத்தன.

நவம்பர் 24

“மீண்டும் ஈரமாக்கும் திட்டம் என்றால் ஏரியைத் திரும்பக் கொண்டுவருகிறார்களா?” இல்லை. 2001இல் தொடங்கிய கிரேட் ஃபென் திட்டம், பிரிந்து கிடக்கும் ஹோம் ஃபென், உட்வால்டன் ஃபென் ஆகிய இரண்டையும் இடையிலுள்ள பண்ணை நிலத்தின் வழியே இணைத்து, மொத்தம் 3,700 ஹெக்டேரில் நீர்மட்டத்தை உயர்த்த நினைக்கிறது. நோக்கம் எஞ்சிய பீட் மண்ணைக் காப்பது. நீருக்குள் இருந்தால் அது மக்காது, வாயுவாகப் போகாது. நிலத்தை உலர்த்தாமலேயே பயிரிட முடியுமா என்றும் சோதிக்கிறார்கள். சம்பும் ஸ்ஃபாக்னம் பாசியும் சோதனைப் பயிர்களில் அடங்கும். ஒரு காலத்தில் நாணல் அறுத்த ஊரில் சம்பை நடுவதற்கு இப்போது ஆராய்ச்சி நிதி தேவைப்படுகிறது என்பதை ஒரு முதியவர் என்னிடம் சிரிப்பில்லாமல் சொன்னார்.

பக்கத்து வயல்காரர்களின் அச்சமும் நியாயமானதே. ஒருவர் நிலத்தில் நீரை உயர்த்தினால் அடுத்தவர் நிலத்தில் ஊறாமலிருக்கக் கரையும் தடுப்பும் வேண்டும். அவர்களுடைய உருளைக்கிழங்கும் கோதுமையும் உலர்ந்த மண்ணை நம்பியவை. இதில் யார் பக்கம் என்று என்னை வற்புறுத்துகிறவர்களுக்கு: மண் காப்பவர்கள் பக்கம். ஏனெனில் இன்னும் சில தலைமுறைகள் இப்படியே உழுதால் பல இடங்களில் பீட் தீர்ந்து அடியிலுள்ள களிமண் வந்துவிடும். அன்று வயல்காரர்களுக்கும் தரப்பு இருக்காது.

டிசம்பர் 1

தம் மனைவியின் முன்னோர்கள் ஹோமைச் சேர்ந்தவர்கள் என்று எழுதி, பங்குப் பதிவேடுகளை எங்கே தேடுவது என்று கேட்டவருக்கு. பழைய காலத்துக்குப் போகும்போது ஹோமோடு நிறுத்தாமல் கிளாட்டனையும் சேர்த்துத் தேடுங்கள், தாய்ப்பங்கு அதுதான். ஆவணங்களைக் கேம்பிரிட்ஜில் தேடி அலைய வேண்டாம். 1965 வரை ஹண்டிங்டன்ஷயர் தனி மாவட்டமாக இருந்ததால் அதன் பதிவுகள் ஹண்டிங்டன் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1851 மார்ச் இறுதியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 1861ஆம் ஆண்டினதையும் அருகருகே வைத்து, தொழில் என்ற பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். முதல் கணக்கெடுப்பு ஏரி வடிவதற்குச் சில மாதங்களுக்கு முன் எடுத்தது. உங்கள் குடும்பத்தின் பெயர் இரண்டிலும் இருந்தால், எந்தத் தொழிலிலிருந்து எதற்கு மாறினார்கள் என்பதை இங்கே எழுதுங்கள்.